நான்காவது பட்டை

ஒன்பது மணி அடிப்பதற்குள் மாடிக்கு வந்து, வெயிலில் கட்டி வைத்திருக்கும் பிளாஸ்டிக் பட்டைகளை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் வளைத்துப் பார்க்கிறார் சாறு அண்ணன். ஒடியாவிட்டால் நோட்டில் ஒரு டிக். ஒடிந்தால், "போய்ட்டியா, சரி" என்று துக்கம் விசாரிப்பதுபோல ஒரு வார்த்தை.

பிளாஸ்டிக் ஆலையின் ஆய்வகத்தில் அவர் உதவியாளர். மாதுளைத் தோல், வெங்காயச் சருகு, தேயிலை என்று கிடைத்ததைக் காய்ச்சிச் சாறெடுத்து, கண்ணுக்கே தெரியாத நானோ களிமண் துகளோடு உருகிய பிளாஸ்டிக்கில் கலப்பார். ரசாயனம் சேர்க்காமலே அது வெயிலைத் தாங்குகிறதா என்று பார்க்கத்தான் இந்த மாடி. கேண்டீனில் அவர் எதிரே யாரும் பழத்தோலை எறிவதில்லை. எறிந்தால் குனிந்து எடுத்துக்கொண்டு நன்றி வேறு சொல்வார், நமக்கு மானம் போகும்.

பரம சாது. மாடியில் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வரும். பட்டைமேல் யார் நிழலும் விழக்கூடாது. மேனேஜரையே, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், வெயிலைத் திருடாதீங்க" என்று விரட்டியிருக்கிறார்.

நான்காவது பட்டையில் இருப்பது வீட்டு மாதுளை. நர்ஸ் வேலைக்காக மனைவி கடல் கடந்து போன வாரம், அவள் கையால் உரித்த பழங்களின் தோல். "ரெண்டே வருஷம்தான். இந்தப் பட்டை விரிசல் விடறதுக்குள்ள வந்துடுவேன், பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாறு சேர்க்காத பட்டை ஐந்தே மாதத்தில் நொறுங்கியது. இது நின்றது. போனில் அவளுடைய முதல் கேள்வி, "வளையுதா?" "வளையுது, வளையுது." அப்புறம்தான் சாப்பாட்டு விசாரணை எல்லாம். போனை வைத்ததும் இரண்டே அறை கொண்ட அந்த வீடு அவருக்கு ரொம்பப் பெரிதாகிவிடும். வாசலில் கிடக்கும் அவள் செருப்பைத் தூசி தட்டி, இருந்த இடத்திலேயே வைப்பார்.

நேற்று அவள் பட்டையைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஹெட் நர்ஸ் ஆக்கறாங்களாம். இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. இருக்கவா?"

"இரும்மா. நல்ல விஷயம்தானே" என்றார். போனை வைத்துவிட்டு, அவள் செருப்பை இரண்டாம் முறை தூசி தட்டி வைத்தார்.

இன்று காலை நான்காவது பட்டையை வளைத்தார். ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு. மறுபடி வளைக்கவில்லை. நோட்டை மூடினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இரண்டடி நகர்ந்து, தன் நிழல் சரியாக அந்தப் பட்டைமேல் விழும்படி நின்றுகொண்டார்.