மாத்திரை டப்பாவும் என் மணிக்கட்டும்

நான் ஒரு மடையன். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி சொல்லிவருகிறாள். நான் ஒத்துக்கொண்டது போன மாதம்தான்.

ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் வீட்டுச் சாமான்களை வடிவமைக்கும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். ஆபீஸில் தலை நரைத்தவன் நான் ஒருவன்தான். அன்று டிசைன் பிரிவு மலையாளிப் பெண் ஒருத்தி என் மேஜைக்கு வந்தாள்.

"சாரே, ஒரு உபகாரம். மூட்டுவலி மாத்திரைக்குப் புதுசா டப்பா செய்யறோம். நம்ம பசங்க எல்லாம் ஜிம்முக்குப் போறவங்க, அவங்க திறந்தா ஒண்ணும் தெரியாது. வயசானா கைப்பிடி குறையுமில்லே? அதான் சாரைக் கூப்பிடறேன். நாளைக்கு டப்பா வார்க்கற அச்சு செய்ய அனுப்பணும்."

வயசானாவா! சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனேன்.

"வீட்டில திறக்கற மாதிரி சாதாரணமா திறந்தா மதி, அதுவே போதும், கேட்டோ."

சாதாரணமாகத் திறக்கப் பார்த்தேன். மூடி அசையவில்லை. சுற்றிலும் இளவட்டங்கள். மூச்சை அடக்கி, பல்லைக் கடித்து, பத்மநாப சுவாமியை நினைத்து ஒரு திருகு திருகினேன். திறந்தது. மணிக்கட்டுக்குள்ளும் ஏதோ ஒன்று கழன்றது.

"கஷ்டமா இருந்துச்சா, சாரே?"

"சேச்சே! வாழைப்பழம் உரிச்ச மாதிரி."

தலையாட்டிவிட்டு, "வீட்டிலயும் திறந்து பாருங்க" என்று வேறொரு டப்பாவைக் கையில் கொடுத்தாள். கிழக்கேகோட்டை வரை பஸ்ஸில் இடது கையால் தொங்கிக்கொண்டு வந்தேன்.

வலியசாலையில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும் டப்பாவை மனைவியிடம் நீட்டினேன். அவளுக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். காலையில் காபி டம்ளரையே இரண்டு கையால்தான் தூக்குவாள். வெறுங்கையால் திருகினாள். முந்தானையைச் சுற்றித் திருகினாள். கதவிடுக்கில் கொடுத்தும் திருகினாள்.

"ஏன்னா, மாத்திரையை உள்ளே பூட்டிட்டு வலியை மட்டும் வெளியிலே விட்டிருக்காளே! எந்தப் புண்ணியவான் இதைச் சரின்னு சொன்னான்?"

புண்ணியவான் உத்தரத்தைப் பார்த்தான்.

"நீங்கதான் திறங்கோளேன், பாப்போம்."

தொட்டதுமே "ஐயோ" என்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடிந்தால் அச்சுக்குப் போய்விடும். அப்புறம் ஒவ்வொரு டப்பாவும் இதே இறுக்கத்தில்தான் வரும். ஊரிலுள்ள மூட்டுவலிக்காரர்கள் எல்லாரும், இவளையும் சேர்த்து, என் வீம்பைத்தான் திருகிக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "அம்மா, மன்னிக்கணும். நான் சொன்னது பச்சைப் பொய். அந்த மூடி திறக்க மாட்டேங்கறது. தயவுசெஞ்சு அச்சுக்கு அனுப்பிடாதே."

"சாரோட முகத்தைப் பாத்தப்பவே நிறுத்திட்டேன்."