கை காட்டிய இடத்தில் நிற்காதவள்

நான் தப்பி ஓடினேனா? மழைக்காலத்துக்கு முன்பு நடந்தது. மழை முடிந்தும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் தினமும் காலையில் மகள் யாழினியைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போகும்போது, காவல் நிலையத்து மதிலோரம் அவள் நின்றுவிடுகிறாள். உள்ளே, பிடித்து வைத்த வண்டிகளின் வரிசையில் எங்கள் ஸ்கூட்டர் நிற்கிறது. கேரளப் பதிவெண்களுக்கு நடுவே விருதுநகர்ப் பதிவெண் அது ஒன்றுதான். வண்டி ஊரிலிருக்கும் என் அப்பா பெயரில் இருப்பதால் அவர் வந்து கையெழுத்திட்டுத்தான் மீட்க வேண்டும். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. யாழினி வண்டியைப் பார்த்துக் கையாட்டி "டாட்டா" என்கிறாள். வாசலில் நிற்கும் போலீஸ்காரர் தனக்குத்தான் என்று நினைத்துத் திருப்பிக் கையாட்டுகிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறேன்.

விருதுநகரில் எனக்குப் பழகிய போலீஸ் வேறு. சோதனைக்காக வண்டிகளை ஓரங்கட்டும்போது, முன்னால் பிள்ளையை நிறுத்திக்கொண்டு ஒரு பெண் வந்தால், உயர்த்திய கையை அப்படியே பக்கவாட்டில் வீசி, "போம்மா, போ" என்பார்கள். நானும் அக்காவும் எத்தனையோ முறை அப்படிக் கடந்திருக்கிறோம். அதை மரியாதை என்றே நினைத்திருந்தேன். எங்களை வண்டி ஓட்டுகிறவர்களாகவே அவர்கள் மதிக்கவில்லையோ என்று இப்போதுதான் தோன்றுகிறது. கணவருக்கு இங்கே ஒரு மசாலா ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை கிடைத்து வந்த பிறகு, சாலையோரம் ஆண்களோடு பெண்களும் ஒரே வரிசையில் நின்று லைசென்ஸ் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல ஊர் என்றுகூட நினைத்தேன். அந்த வரிசை எனக்கும்தான் என்று மட்டும் நினைக்கவில்லை.

அன்று பள்ளிக்கு நேரமாகிவிட்டது. மிளகு மூட்டை இறக்கும் லாரியைச் சுற்றி வளைந்து வந்தால், எதிரே போலீஸ். அவர் கையை உயர்த்தினார். நான் வேகத்தைக் குறைத்தேன். அந்தக் கை பக்கவாட்டில் வீசப்படும் என்று காத்திருந்தேன், அல்லது வீசப்பட்டது என்றே எடுத்துக்கொண்டேன். கடந்து போனேன். பின்னால் விசில் கேட்டது. லைசென்ஸ் வீட்டில் வேறொரு கைப்பையில் கிடப்பது அந்த நொடியில்தான் நினைவுக்கு வந்தது. கை ஆக்சிலரேட்டரைத் திருகியது. சற்றுத் தள்ளி நின்ற இன்னொரு போலீஸ்காரர் குறுக்கே வந்து கைப்பிடியைப் பிடிக்கப் பார்த்தார். கண்ணாடியில் அவர் விழுவது தெரிந்தது. அப்போதும் நான் நிற்கவில்லை. அந்தத் தெருவின் கோடியில் இருக்கும் பள்ளிக்குப் போய், யாழினியையும் அவள் சாப்பாட்டுப் பையையும் டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, நானே வண்டியைத் திருப்பிக்கொண்டு அதே இடத்துக்கு வந்தேன். தப்பி ஓடுகிறவள் திரும்பி வருவாளா? எப்படியும் வண்டி எண் கேமராவில் விழுந்திருக்கும் என்று தெரிந்து வந்தவள்தானே என்றார்கள் போலீஸார். அதையும் என்னால் மறுக்க முடியவில்லை.

நிலையத்தில், "அறிஞ்ஞோண்டல்லே போயது?" என்று எஸ்.ஐ. கேட்டார். தெரிந்துதானே போனாய் என்கிறார் என்று புரிந்தது. புரிந்தது என்பதற்குத் தலையாட்டினேன். ஒப்புக்கொண்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஆபத்தாக வண்டி ஓட்டியது, கடமையிலிருந்த காவலரைத் தடுத்தது என்று என்மேல் வழக்கு. இரண்டுமே சிறைவரை போகக்கூடியவை. முதல்முறை என்பதால் ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு விடுவார்கள் என்கிறார் வக்கீல். ஆனால் நான் கணக்கு டீச்சர். யாழினியின் பள்ளியிலேயே அடுத்த ஆண்டு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். போலீஸிடமிருந்து நன்னடத்தைச் சான்று வேண்டும். ஒப்புக்கொண்டால் அதில் தண்டனை பதிவாகும். மறுத்தால் வழக்கு நிலுவையில் இருப்பதாக வரும், எத்தனை வருடமோ. இதற்கிடையில் யாழினி வகுப்பில், "எங்கம்மா போலீஸ ஜெயிச்சுட்டாங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதை என்னிடம் சொன்ன டீச்சர் சிரிக்கவில்லை.

கீழ்வீட்டு ரஹ்மத் அக்கா, தலைமுறைகளாகக் கொச்சியிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். "சம்மதிச்சுட்டு வா மோளே. ஃபைன் அடைச்சுட்டு வந்து சாயா குடி. கோர்ட்டு வராந்தாவுல நரைக்கணுமா உனக்கு?" என்கிறார். கணவர் அப்படிச் சொல்வதில்லை. "விசில் கேட்டும் ஏன் முறுக்குன? அத மட்டும் சொல்லு," என்று ஒருமுறை கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். கேட்டுக்கொண்டே இருந்தால்கூட எனக்கு நன்றாயிருக்கும்.

மறுக்கலாம் என்றே இருந்தேன். அப்போதுதான் யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம், அன்று குறுக்கே வந்து விழுந்த போலீஸ்காரரைப் பார்த்தேன். மணிக்கட்டில் கட்டோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். ஓய்வுபெறும் வயது இருக்கும். மன்னிப்புக் கேட்கப் போன என்னிடம், பிள்ளைக்கு அடி எதுவும் படவில்லையே என்றுதான் முதலில் கேட்டார். பிறகு தயங்கி, "சார் கை காணிச்சது பெங்ஙள் கண்டதல்லே?" என்றார். முதலில் கை காட்டிய சாரை நீ பார்த்தாய்தானே தங்கச்சி என்று கேட்கிறார். ஓடும் வண்டியின் குறுக்கே எதற்குப் பாய்ந்தாய் என்று மேலிடத்தில் அவரைத் துளைக்கிறார்களாம். கையைப் பார்க்கவில்லை என்று நான் சொன்னால் தவறு அவர் தலையில் விழும். பார்த்தேன் என்றேன். பஸ் வந்தது. நல்ல கையால் கம்பியைப் பிடித்து, சிரமப்பட்டு ஏறினார்.

அடுத்த வாய்தாவில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேனா, மறுக்கிறேனா என்று நீதிமன்றத்தில் கேட்பார்கள். ஊருக்கே திரும்பிவிடலாம் என்றும் யோசிக்கிறேன். அங்கே வேலைக்குப் போனாலும் இதே சான்றைத்தான் கேட்பார்கள். அங்கே கற்றுக்கொண்ட பழக்கத்துக்கு இங்கே வழக்கு. இங்கே விழும் கறை அங்கேயும் வரும். மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் வண்டியைப் போலத்தான் நானும், எண் அந்த ஊருடையது, பிடியில் இருப்பது இந்த ஊரில். இதைப் படிக்கும் உங்களில் யாராவது வேற்றூரில் இப்படி மாட்டியிருந்தால், என்ன சொன்னீர்கள், சொன்னபின் என்ன ஆயிற்று என்று தயவுசெய்து எழுதுங்கள். நின்றிருக்க வேண்டும் என்று மட்டும் எழுத வேண்டாம். அது எனக்குத் தெரியும்.