ஆளைக் குடித்த டேங்கு

தேவாரம் ஊரில், என் அப்பாவின் டீக்கடைக்கு அடுத்த பட்டறை விஜி அக்காவுடையது. முன்பு அது அவருடைய கணவர் செல்லப்பாண்டி அண்ணனின் வெல்டிங் பட்டறை. வாசலில் இடுப்பளவு உயரத்துக்கு வட்டமான இரும்புத் தொட்டி ஒன்று நிற்கிறது. அதில் எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கும். அண்ணனின் உயிரைக் குடித்த டேங்கு அதுதான்.

ரேஷன் மண்ணெண்ணெய் நின்றபின் மூடிக் கிடந்த டிப்போ ஒன்றிலிருந்து அதை அண்ணன் பழைய இரும்பாக வாங்கி வந்தார். திராட்சைத் தோட்டக்காரர் ஒருவருக்கு மருந்து கலக்கும் தொட்டியாக வெட்டித் தர வேண்டும். எண்ணெய் இருந்த டேங்கில் நெருப்பு வைக்கும்முன் தண்ணீர் நிரப்புவது எல்லாப் பட்டறைக்கும் தெரிந்ததுதான். காலி டேங்குக்குள் தங்கும் எண்ணெய் ஆவிதான் வெடிக்கும். தண்ணீர் நிறைந்துவிட்டால் ஆவிக்கு இடமில்லை. ஆனால் அது கோடை. தெருவில் போர்வெல்கள் வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்திருந்தோம்.

“நெறச்சுட்டு வெட்டுங்க” என்று விஜி அக்கா சொன்னது எங்கள் கடை வரை கேட்டது.

“குடிக்கவே தண்ணியக் காணோம். இதுக்கு எங்கன போயி ஊத்த? சோப்புத்தூள் போட்டுக் கழுவி வெயில்ல போட்டாச்சு. கருவாடாக் காஞ்சு கெடக்கு.”

துருவுக்குள்ளும் மடிப்புக்குள்ளும் ஊறிய எண்ணெய் காய்ந்திருக்கவில்லை. வெட்டும் கேஸ் டார்ச்சின் நெருப்புப் பட்டதும் டேங்கின் ஒரு பக்க மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. அண்ணன் அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார்.

அதன் பிறகு அந்த டேங்கைப் பழைய இரும்புக்காரரும் தொடவில்லை. வாய் பிளந்தபடி பட்டறை ஓரத்தில் கிடந்தது. கணவருக்குக் கூடமாட நின்று வெல்டிங் பழகியிருந்த விஜி அக்கா, கேட்டும் கிரில்லும் செய்து பட்டறையைத் திறந்து வைத்திருந்தார். மழை வந்து போர்வெல் ஊறியதும் டேங்கை நிமிர்த்தி வைத்தார். வெட்ட வேண்டிய கோடு வரைக்கும் தண்ணீர் நிரப்பிவிட்டு, கிழிந்த வாயைச் சுற்றி வெட்டி எடுத்தார்.

டீ வாங்க வந்த மொக்கம்மாள் கிழவிக்குப் பொறுக்கவில்லை. “ஏ ஆத்தா, ஆளக் குடிச்ச டேங்கு அது. தூக்கிக் கெடாசாம என்னத்துக்கு மெனக்கெடுற?”

“குடிச்சதுதான? இனிமே தண்ணியக் குடிக்கட்டும்.”

மேலே கம்பிச் சட்டம் ஒன்றைப் பற்றவைத்தார். பக்கத்தில் சின்ன மோட்டாரும் ஓஸ் குழாயும். ஓட்டை அடைக்க வரும் வண்டி டேங்கைச் சட்டத்தில் வைத்து, தொட்டித் தண்ணீரை ஏற்றி நிரப்பலாம். வேலை முடிந்ததும் அடியிலுள்ள மூடியைத் திறந்தால் தண்ணீர் திரும்பத் தொட்டிக்கே இறங்கும். மேலே மிதக்கும் எண்ணெயை வழித்து எடுத்துவிட்டால் அதே தண்ணீர் அடுத்த டேங்குக்கும் ஆகும். கோடையிலும் தண்ணீர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வேலைதான் வரவில்லை. அந்தத் தொட்டியைப் பார்த்ததும் சிலர் வண்டியைத் திருப்பினார்கள். மற்றவர்களுக்கு நேரமில்லை. எதிர்க்கடை திலீபன், அண்ணனிடம் தொழில் பழகியவர். டீ ஆறுவதற்குள் டேங்கை அடைத்துக் கொடுத்துவிடுவார். விஜி அக்கா கழுவி, நிரப்பி, பிறகுதான் டார்ச்சை எடுப்பார்.

போன மாதம், கேரளாவுக்குத் தோட்டவேலை ஆட்களை ஏற்றும் ஜீப்காரர் ஆதித்தன் டீசல் டேங்கைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

“வச்சுட்டுப் போங்கண்ணே. மத்தியானம் தாரேன்.”

“அக்கா, மலைக்கு ஏற வேண்டிய பொம்பளைக எல்லாம் வெயில்ல நிக்கிறாக. மத்தியானமாம்ல!” என்று சொல்லிவிட்டு நேரே திலீபனிடம் போனார்.

திலீபன் டேங்கைக் கவிழ்த்து உதறிவிட்டு டார்ச்சைக் கையில் எடுத்தார். விஜி அக்கா மோட்டாரைப் போட்டுவிட்டு, ஓஸை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். போடிக்குப் போகும் பஸ் ஓஸுக்கு முன்னால் நின்று ஆரன் அடித்தது. திலீபனைக் கேட்காமலே அக்கா டேங்கின் வாயில் குழாயைச் செருகினார்.

“மதினி, என்ன செய்றீக? எம் பொழப்புல தண்ணி ஊத்துறீகளா?”

“டேங்குலதான்டா ஊத்துறேன்.”

“டீசல் மண்ணெண்ணெ மாதிரி இல்ல. எத்தன டேங்கு அடச்சிருக்கேன்!”

“அவுகளும் அப்பிடித்தான் சொன்னாக.”

டேங்கு நிரம்பி வழிந்தது. எண்ணெய் படர்ந்த தண்ணீர் சாலையில் பல நிறமாக ஓடியது. “புருசன் போனதுல அக்காவுக்கு மண்ட கொழம்பிப் போச்சு” என்று ஆதித்தன் எங்கள் கடையில் வந்து சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான். அவர் செய்வது துக்கத்திலா, தெளிவிலா என்று அன்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாதா என்ன?

மறுநாளே திலீபன் டேங்கு வேலையைத் தன் கடையின் பின்பக்கம் மாற்றிக்கொண்டார். அங்கே தண்ணீர் இல்லை. ஓஸும் எட்டாது.

இப்போது எதிர்க்கடைக்குப் பின்னால் டார்ச் பற்றும் ‘டப்’ சத்தம் கேட்டால், விஜி அக்கா தன் வெல்டிங்கை நிறுத்திவிடுகிறார். தொட்டி அருகே வந்து மோட்டார் சுவிட்சில் கைவைத்தபடி நிற்கிறார். டார்ச்சின் இரைச்சல் அடங்கும்வரை கையை எடுப்பதில்லை.