மடி தேடிப் போன ஆடி மாதம்

மன்மத வருஷம் ஆடி மாதம், அதாவது 1955இல், நானும் என் மனைவியும் நான்கு வயது மகளும் இலங்கைக்குப் போனோம். காரணம் மகளின் தலைமுடி.

மூன்று மாநில எல்லைகள் கூடும் எங்கள் பேரிகை ஊர்ப் பக்கத்தில் பிள்ளையின் முதல் முடியைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எடுப்பார்கள். என் மனைவிக்கு ஒரே அண்ணன். சிறு வயதிலேயே, பிள்ளையில்லாத சித்தப்பாவோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். முடிவு தெரியும்வரை நாட்டைவிட்டு வெளியே வரப் பயந்தார். பங்காளி மாமன் ஒருவர் மடியில் எடுத்துவிடலாம் என்று ஊரில் சொல்லிப் பார்த்தார்கள். மனைவி ஒப்பவில்லை.

"எங்கண்ணன் உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தர் மடியில உக்கார வெச்சா, அவரு செத்துட்டாருன்னு நாமளே சொல்றாப்பல ஆயிடுங்க" என்றாள்.

அவர் வர முடியாது. அதனால் நாங்கள் போனோம். திரும்ப வேண்டிய தேதி எங்கள் அனுமதிச் சீட்டில் குத்தியிருந்தது. பஞ்சாங்கத்தில் பார்த்தேன்: செவ்வாய்க்கிழமை. அதற்குள் மாமன் மடி கிடைத்தாக வேண்டும்.

தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் ரயில், மாத்தளையிலிருந்து மலைக்கு பஸ். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த தோட்டத்துக்காரி சடை பிடித்த மகளின் தலையைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னாடி இது, தலையில குருவிக் கூடா?"

"எங்க மாமா வந்துதான் எடுக்கணும். மாமாவுக்கும் சுருட்ட முடி" என்றாள் மகள். அம்மா சொல்லிச் சொல்லி அவளுக்கு அது மனப்பாடம்.

தோட்டத்து வாசலில் காவல்காரர் எங்களை நிறுத்தினார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள், துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாதாம். "மாரியம்மன் கோவில்ல போய் உக்காருங்க. சொல்லி விடுறேன்" என்றார். உட்கார்ந்தோம். மாலையில் பதில் வந்தது: மைத்துனரும் சித்தப்பாவும் அங்கிருந்து போய்விட்டார்கள்; பதுளைப் பக்கம் விசாரிக்க வேண்டும். பதுளைப் பக்கத்திலும் ஒரு தோட்டம், ஒரு மாரியம்மன், ஒரு காத்திருப்பு. அங்கிருந்தும் போயிருந்தார்கள். அந்தத் தீவின் கோவில்களை நான் பார்த்தது இப்படித்தான். எந்தக் கோவிலுக்கும் கும்பிடவென்று போகவில்லை.

மூன்றாவது தோட்டத்துக்குப் போகும் வழியில் பஸ் பழுதாகி, ஒரு சிங்களக் கிராமத்தில் இறங்கி நின்றோம். நல்ல மழை. எங்கள் ஊரில் தமிழ் எடுபடாவிட்டால் தெலுங்கில் கேட்போம், அதுவும் எடுபடாவிட்டால் கன்னடம். மூன்று மொழியையும் முடித்துவிட்டு ஒரு வீட்டு வாசலில் ஊமைகளாக நின்றோம். வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் மகளின் கையைப் பிடித்து எங்களைப் புத்த விகாரைக்கு அழைத்துப்போய், கூரையடியில் உட்கார வைத்து, ஈரப்பலாக்காய் என்கிற, பலாப்பிஞ்சு போன்ற ஒரு காயை அவித்துக் கொடுத்தாள். விகாரையின் பக்கத்து அறையில் மயிலோடு முருகன் நின்றான். மனைவி பார்த்ததும் அழுதுவிட்டாள். "அண்ணனைக் காட்டுடா சாமி" என்று தெலுங்கில்தான் கேட்டாள். அவள் பிறந்த வீட்டு மொழி அது.

மூன்றாவது தோட்டத்துக் கோவிலில், கொழுந்துக் கூடையோடு போன ஒரு பெண்ணிடம் சொல்லி அனுப்பினோம். மைத்துனரின் ஊரையும் வயதையும் கேட்டதும் அவள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இங்கதான் இருக்காரு. வருவாரு, உக்காருங்க" என்றாள். கூடையோடு நடந்துவிட்டாள். மனைவி மகளுக்குப் புதுப் பாவாடை கட்டி, தேங்காய் பழத்தை எடுத்து வைத்தாள்.

சற்று நேரத்தில் ஒருவர் வந்து கோவில் எல்லைக்கு வெளியே, புளிய மரத்தடியில் நின்றார். புதிதாக மழித்த மொட்டை. வேண்டுதல் முடித்தவர் என்று நினைத்தேன். மனைவியும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். அவரைத் தாண்டி லயத்துப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. மனைவிதான் திடீரென்று எழுந்தாள்.

"மீசையும் இல்லீங்க அவருக்கு."

அதற்குள் அவர் கையைத் தூக்கினார். "புள்ளயத் தூக்கிட்டு வராதம்மா. சித்தப்பா போயிட்டாரு. நாந்தான் கொள்ளி வெச்சேன்."

மனைவி மகளை என் கையில் தந்துவிட்டு ஓடினாள். அண்ணன் தங்கை இருவரும் மரத்தடியில் கட்டிப் பிடித்து அழுதார்கள். மகள் என் தோளைத் தட்டினாள்.

"யாருப்பா அது?"

"மாமா."

"பொய். மாமாவுக்குச் சுருட்ட முடி."

தீட்டு கழியாமல் மாமன் மடியில் முடி எடுக்க முடியாது. "கருமாதி என்னிக்கு?" என்று கேட்டேன்.

"வர்ற புதன், மாப்ள."

சீட்டை வெளியே எடுத்து மறுபடியும் பார்த்தேன். பார்க்கத் தேவையே இல்லை. நாள் கணக்கில் நான் தவறுவதில்லை. அன்றைக்குத் தவறியிருந்தால் தேவலை.

"ஒரு நாளு தானேங்க, கேட்டுப் பாருங்க" என்றாள் மனைவி. பதுளை அரசு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். கொழும்பில் கேட்கச் சொன்னார்கள். கொழும்புக்குப் போய் நின்று பதில் வாங்குவதற்குள் கெடுவே முடிந்துவிடும். அதையும் அந்த அலுவலரிடம் சொன்னேன். "ஆமாம்" என்றார்.

நாங்கள் புறப்பட்ட நாளில் மைத்துனர் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தார். எங்களிடமிருந்து தள்ளி, சாலையின் எதிர்ப்பக்கத்தில் நின்றார். சாவு வீட்டாரிடம் 'போயிட்டு வரோம்' என்று சொல்லக் கூடாது. சொல்லாமல்தான் கிளம்ப வேண்டும். அத்தனை தூரம் கடல் தாண்டி வந்த தங்கை, திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினாள். நானும் ஏறினேன்.

வண்டி நகர்ந்தபோது மகள் ஜன்னலில் தலையை நீட்டினாள். நான்கைந்து நாள் அவரைப் பார்த்ததில் அவளுக்கு ஒருவாறு நம்பிக்கை வந்திருந்தது போலும்.

"மாமா, போயிட்டு வ..."

மனைவி அவள் வாயைப் பொத்தினாள். மகள் திமிறினாள். மலை வளைவு திரும்பி, அந்த மொட்டைத் தலை கண்ணுக்கு மறைந்த பிறகும் மனைவி கையை எடுக்கவில்லை. நான்தான் எடுத்துவிட்டேன்.