பாலத்தில் காத்து நின்ற குடம்

கலியாணமாகி நான் வாழப் போன வீடு ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர் காலத்தது. சுற்றிவர அகழி, வாசலில் ஒரு கல் பாலம். பனை சீவுகிறவரின் மனைவி வள்ளி தினமும் குடத்தோடு அந்தப் பாலத்தில் நிற்பாள். எங்கள் கிணற்றை அவள் தொடக்கூடாது. நாங்கள்தான் அள்ளி ஊற்ற வேண்டும். சில நாள் அவளை வெயிலில் நிற்கவிட்டு வேண்டுமென்றே சுணங்கிப் போவேன். புது வீட்டுக்காரி என்ற மிதப்பு.

மகள் பிறந்த வருடம் ஆடியில் அகழி வற்றியது. ஆவணியில் கிணறும் உப்பாகிவிட்டது. காய்ச்சலில் கிடந்த என் குழந்தை வாயில் விட்ட தண்ணீரையெல்லாம் துப்பியது. வள்ளியிடம் சொல்லி அழுதேன்.

“பின்பக்கத்து அகழிக்குள்ளை இறங்கட்டோ, நாச்சியார்?” என்றாள்.

நான் சரி என்றதும் இறங்கிச் சேற்றைக் கையால் வழித்து, ஒரு பலகைக் கல்லைப் புரட்டினாள். கீழே பழைய கல் தொட்டி. அதில் நல்ல தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. முன்பு அகழியைத் துப்புரவாக்கியபோது அவளுடைய தகப்பன் கண்டதாம்.

“நான் தள்ளி நிக்கிறன். நீங்கள் வந்து அள்ளுங்கோ.”

“உன்ரை குடத்திலையே அள்ளித் தா, வள்ளி.”

குழந்தை துப்பாமல் குடித்தது.

பிறகுதான் யோசித்தேன். அகழி வற்றி ஒரு மாதமாகிவிட்டது. வேலிப் பக்கத்தால் அவள் இறங்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திராது.

“தெரிஞ்சுகொண்டும் ஏன் பாலத்திலை காத்து நிண்டனி?”

“உங்கடை வளவு, உங்கடை காணியெல்லோ. கேக்காமல் இறங்கலாமோ?”

மாரி மழையில் கிணறு திரும்பவும் நல்ல தண்ணீரானதும், நான் சொல்லி, வள்ளி தன் கையாலேயே அள்ளினாள். அதற்காக என் கணவரின் தாய், மாமி, ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

என் மகள் இன்று பிள்ளைகுட்டியோடு இருக்கிறாள். நான் வெயிலில் காக்கவைத்த அந்தக் குடத்துத் தண்ணீரில் பிழைத்தவள் அவள்.