மகள் வீட்டில் எதையோ மறைத்தார்கள்

போன தீபாவளிக்கு என் மகள் ரவிக்கைத் துணி அனுப்பவில்லை. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது. காஞ்சிபுரத்தில் ஒரு கோயில் தெருவில் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்களுக்கு ரவிக்கை தைத்து, புடவைக்கு ஃபால்ஸ் அடித்துத் தருவது என் தொழில். கல்யாணமாகி வாலாஜாபாத் போன பிறகும் அவள் வேறு யாரிடமும் தைத்துக்கொண்டதில்லை. இந்த முறை நானே கேட்டதற்கு, இருக்கிறதே போதும் என்று சொல்லிவிட்டாள்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. வீடியோ காலில் வந்தால் முகம் மட்டும்தான் தெரியும். போனைக் கழுத்துக்குக் கீழே இறக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை வாடி என்றால் ஆபீசில் ஆடிட்டிங் என்பாள். நான் வருகிறேன் என்றால் வெளியூர் போகிறோம் என்பாள். மருமகனைக் கேட்டால், கேள்வி முடிவதற்குள் நன்றாக இருக்கிறாள் என்று பதில் வந்துவிடும். அவ்வளவு வேகமாக வருகிற பதிலை நான் நம்புவதில்லை.

அவளுடைய முதல் குழந்தை பிறந்த மறுநாளே இறந்துபோயிருந்தது. அதிலிருந்து அந்த வீட்டில் என் மகளை என்ன சொல்லிக் காட்டுகிறார்களோ என்ற பயம் எனக்கு உண்டு. அடிக்கிறார்களோ, வேறு பெண் பார்க்கிறார்களோ என்று யோசித்துக்கொண்டே துணி வெட்டினால் கத்தரிக்கோல் கோணலாகப் போனது.

பொங்கல் கழிந்து ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். கதவைப் பாதி திறந்த மருமகனின் அம்மா, என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். வாங்க அண்ணி என்று தாமதமாகத்தான் சொன்னார். மகள் எங்கே என்றேன். ஆபீஸ் போயிருக்கிறாள் என்றார். அவள் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகும் செருப்பு வாசலில் கிடந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. ஆளில்லாத அறையில் மின்விசிறியை ஓடவிடுகிறவர் அல்ல அவர். காப்பி போட அவர் சமையலறைக்குள் போனதும், நான் போய்க் கதவைத் தள்ளினேன்.

என் மகள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நிறைமாதத்தை நெருங்கிய வயிறு.

அவள்தான் முதலில் பேசினாள். "யாரும் சொல்லக் கூடாதுன்னு நான்தாம்மா சொன்னேன். போன வாட்டி நீ சோறு தண்ணி இல்லாம சுருண்டு படுத்துக்கினு இருந்த. எனக்கு நான் அழறதா, உன்னைப் பாக்கறதான்னு தெரியல. இந்த வாட்டி குழந்தை கையில வந்தப்புறம் கூப்பிடலாம்னு இருந்தேன்."

கோபம் வந்தது. மாமியாருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்பதுதான் அதிகமாக வலித்தது. ஆனால் அந்த வயிற்றை வைத்துக்கொண்டு படுத்திருப்பவளிடம் எதைக் கேட்பது? அவள் காலைத் தொட்டுப் பார்த்தேன், வீங்கியிருந்தது. டாக்டரிடம் சொன்னீர்களா என்று அவள் மாமியாரைக் கேட்டேன். சொல்லியாகிவிட்டது, பயமில்லை என்றார். அடுத்த முறை நானும் கூடப் போய் டாக்டர் வாயால் கேட்ட பிறகுதான் அதை நம்பினேன்.

மாசியில் வலி கண்டது. காஞ்சிபுரத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலையில் பெண் குழந்தை என்றார்கள். ஆனால் காட்டவில்லை. கொஞ்ச நேரம் உள்ளே வைத்திருந்து தருகிறோம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். முதல் குழந்தைக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். மருமகன் போனில் பேசிக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார். நான் பின்னாலேயே போனேன். அவர் பேசியது ஆட்டோக்காரரிடம்தான். இருந்தாலும் விடவில்லை.

"உண்மையைச் சொல்லுங்க மாப்ள. குழந்தை இருக்குதா?"

"இருக்குது அத்தை. நல்லா இருக்குது."

அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் வெளியே வருகிறவர்களின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தாள். கெட்ட செய்தி என்றால் சிரிப்பாளா என்று தோன்றியது. அவளுக்கு விஷயம் தெரியாமல் இருக்கலாம் என்றும் தோன்றியது.

கடைசியில் பச்சைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார்கள். கண் மூடி அசையாமல் இருந்தது. வாங்கியதும் துணியை விலக்கினேன். பட்டென்று இரண்டு கையையும் உதறி வீறிட்டது. கூடவே என் புடவை நனைந்தது. அந்த ஈரத்தின் சூடு தொடையில் பட்டதும் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். வராந்தாவில் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முந்தின நாளிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை என்று சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. குழந்தையை மடியிலிருந்து இறக்க எனக்கு மனசில்லை. அவரே இட்லியைப் பிட்டு என் வாயில் வைத்தார். அன்றைக்கு எனக்கு இருந்த பசியை நான் மறக்கவே மாட்டேன்.

மத்தியானம் மகளும் குழந்தையும் தூங்கினார்கள். நான் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வைத்தேன்.

"மூச்சு வந்துக்கினுதான் இருக்குது அண்ணி. தூங்க விடுங்க" என்றார் சம்பந்தியம்மா.

சரியென்று எழுந்து டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் குனிந்து, குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் டீயை மேசையில் வைத்தேன்.