பதிவேட்டில் ஏறிய இணையப் பக்கங்கள்

ஆரணியில் பட்டு வியாபாரிகள் சிலர் சங்கமாகச் சேர்ந்து நடத்திய ஒரு நூலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் நூலகராக இருந்தேன். இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, பயத்துக்காகச் சொல்கிறேன். சங்கத்தில் இழப்புப் பதிவேடு என்று ஒன்று உண்டு. அதில் ஏறும் புத்தகங்களின் எண்ணிக்கையையும் பொறுப்பில் இருந்தவரின் பெயரையும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒலிபெருக்கி வைத்து வாசிப்பார்கள். எனக்கு முன்பு இருந்தவர் பெயரில் நாற்பது புத்தகங்கள் வாசித்தார்கள். அதன்பின் அவர் கடைத்தெருவுக்கு வருவதே நின்றுபோயிற்று. நான் ஓய்வு பெறும்போது என் பெயருக்குக் கீழே அந்தத் தாள் வெறுமையாக இருக்க வேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

அதைக் கெடுத்தது இணையம். நானும் கூட இருந்து கெடுத்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சங்கத்தில் ஒரு கணினி வாங்கி, தொலைபேசி வழியாக இணைய இணைப்பும் போட்டார்கள். நூலகம் மாடியில், கீழே சங்கச் செயலாளரின் பட்டுக்கடை. இரண்டுக்கும் ஒரே தொலைபேசி. நான் இணையத்தைத் திறந்தால் அவருடைய கடைத் தொலைபேசி செத்துவிடும். மாடிப்படியில் பாதி ஏறி நின்று கத்துவார்.

"சார்! லைனை உடுங்க சார்! பெங்களூர் பார்ட்டி காலையிலேர்ந்து அடிச்சிகினு இருக்கான்!"

"ஒரே ஒரு பக்கம் வந்துகினு இருக்குதுங்க. பாதி வந்துடுச்சி."

"மீதியை நாளைக்கு வரச் சொல்லுங்க!"

ஒரு பக்கம் முழுதாக வருவதற்கு ஆறு நிமிடம் ஆகும், படம் இருந்தால் பதினொன்று. இருந்தாலும் அந்த நாட்களில் எனக்கு ஒரு வெறி பிடித்திருந்தது. அகராதிகள், பழைய அறிவியல் நூல்கள், நிலப்படங்கள், சாயத் தொழில் கையேடுகள், எங்கோ வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து ஏற்றிய பழந்தமிழ் நூல்கள். எல்லாமே இலவசம். சந்தா கிடையாது, முன்பணம் கிடையாது.

அந்த வருடம் பட்டு நூல் விலை ஏறி, புத்தகம் வாங்குவதைச் சங்கம் நிறுத்தி வைத்திருந்தது. ஆண்டறிக்கையில் 'இவ்வாண்டு சேர்ந்த நூல்கள்' என்று ஒரு வரி வரும். அங்கே சுழியம் போட எனக்குக் கை வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் வாசகர் ஒருவர், பள்ளி ஆசிரியை, கணினியில் இதயத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம லைப்ரரியில எந்த நம்பர் சார்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எண் இல்லாத ஒன்றை நூலகத்தில் வைத்திருக்கிறேனே!

அன்றே நூல் வரவுப் பதிவேட்டை எடுத்தேன். கடைசிக் காகிதப் புத்தகத்தின் எண் 5,873. அதற்குக் கீழே 5,874 என்று எழுதி, அந்த இதயப் பக்கத்தை ஏற்றினேன். விலை என்ற இடத்தில் இலவசம். அட்டைக் கட்டு என்ற இடத்தில் ஒரு கோடு. அலமாரி எண் என்ற இடத்தில் இணைய முகவரி. பதிவேட்டைக் கறுப்பு மையில்தான் எழுத வேண்டும், பென்சில் கூடாது, அழிக்கக் கூடாது என்பது விதி. முகவரிகளையும் மையில்தான் எழுதினேன். ஒரு முகவரிக்கு ஐம்பது எழுத்து, சிலதற்கு எண்பது. வருடம் முடிவதற்குள் 6,114 வரை வந்துவிட்டேன். இருநூற்று நாற்பத்தொரு சேர்க்கை. பொதுக்கூட்டத்தில் கை தட்டினார்கள். எது, எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து எனக்கு ஓய்வு வந்தது. அதற்குள் அகண்ட அலைவரிசை இணைப்பு வந்து, செயலாளரின் தொலைபேசி பிழைத்துக்கொண்டிருந்தது. என் இடத்துக்குக் களம்பூரிலிருந்து ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். நூலக அறிவியல் படித்தவள். பொறுப்பு ஒப்படைப்பு முடிந்து அவள் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு வேலை ஆணை, எனக்கு விடுதலை.

காகிதப் புத்தகங்களை எண்ண நான்கு நாட்கள் ஆயின. அலமாரியில் 5,809, வாசகர்களிடம் 64. கூட்டினால் 5,873. அவள் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுகூட குறையலையே சார்!" என்றாள். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஐந்தாம் நாள் காலையில் 5,874-க்கு வந்தாள்.

"இது எந்த அலமாரி சார்?"

"அலமாரி இல்லம்மா. கம்ப்யூட்டர்ல இருக்குது."

முகவரியைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். நீங்கள் தேடும் பக்கம் இல்லை என்று ஆங்கிலத்தில் வந்தது.

"இல்லையே சார்."

"திரும்பப் போடும்மா. கரண்ட் மாதிரிதான், போய் போய் வரும்."

திரும்பப் போட்டாள். வரவில்லை. மதியத்துக்குள் முப்பத்தொன்று வரவில்லை. மறுநாள் மாலை இருநூற்று நாற்பத்தொன்றையும் பார்த்து முடித்தபோது திறந்தவை 158, திறக்காதவை 83. அந்த எண்பத்து மூன்றிலும் ஐம்பத்திரண்டில் பக்கமே இல்லை. பன்னிரண்டு, கடவுச்சொல் கேட்டன. பத்தொன்பதில் தளம் கைமாறி வேறு ஏதோ கடை நடந்துகொண்டிருந்தது.

"சார், இங்க தலைமுடித் தைலம் விக்கிறாங்க. ரெஜிஸ்டர்ல கணித அகராதின்னு இருக்குது."

"அங்கதாம்மா இருந்தது. நானே பார்த்தேன். ஏ-லேர்ந்து இசட் வரைக்கும்."

"இருந்ததுன்னா கையெழுத்து போட முடியாது சார். இருக்குதுன்னாதான் போடணும்."

அவள் சொன்னது சரிதான். சரியாக இருந்ததால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது. நாளைக்கு வேறொருவர் வந்து எண்ணினால் அந்த எண்பத்து மூன்றும் அவள் தலையில் விழும். ஆறு நாட்களாகப் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தாள், இன்னும் வேலை ஆணை கையில் இல்லை.

காணாத புத்தகத்தைத் தேட மூன்று நாள் அவகாசம் உண்டு என்று சங்க விதியில் ஒரு வரி இருந்தது. அலமாரி மாறி வைத்த புத்தகத்துக்காக எழுதிய விதி. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மூன்று நாட்களும் காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை, நடுவில் மூன்று மூன்று மணி நேரம் மின்வெட்டு போக, தேடினேன். ஒருவர் எழுதி, இன்னொருவர் கண் நோகத் தட்டச்சு செய்து, உலகத்துக்கே சும்மா கொடுத்துவிட்டு, பிறகு யாரிடமும் சொல்லாமல் வீடு மாற்றிக்கொண்டு போவதற்கு அப்படி என்ன அவசரம்? ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போகக்கூடாதா? ஒன்றிரண்டு தளங்களில் இருந்த மின்னஞ்சலுக்கு எழுதிக் கேட்டேன். அந்தக் கடிதங்களும் முகவரி இல்லை என்று திரும்பி வந்தன.

இருபத்தொன்பது கிடைத்தன, புதிய முகவரிகளில். பழையதைக் கோடு போட்டு அடித்து, மேலே பொடி எழுத்தில் புதியதை எழுதி, இருபத்தொன்பது இடத்திலும் சுருக்கொப்பம் இட்டேன். அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து ஒப்புக்கொண்டாள். மீதி ஐம்பத்து நான்கு.

செயலாளர் மேலே வந்தார். கீழே முகூர்த்தப் புடவை எடுக்க வந்த கூட்டத்தை விட்டுவிட்டு வந்த கோபம் முகத்தில் இருந்தது.

"இன்னா சார் இது, புத்தகமே இல்லாத புத்தகத்துக்கு பத்து நாளா பேஜாரு? இழப்புல எழுதி ஜல்தியா முடிங்க. அந்தப் பொண்ணு எத்தினி நாளு வந்துகினு போய்கினு இருக்கும்?"

இழப்புப் பதிவேட்டை எடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் நான்கே நான்கு அச்சடித்திருந்தார்கள்: வாசகர் திருப்பித் தரவில்லை, கிழிந்து பயனற்றது, கரையான், தீ அல்லது வெள்ளம். ஒன்றின்மேல் குறி போட வேண்டும்.

"இதில் எதுவும் பொருந்தலைங்க. தளம் மூடப்பட்டதுன்னு அஞ்சாவதா ஒண்ணு எழுதிக்கிறேன்."

"அச்சடிச்சதுல கை வெக்காதீங்க. ஆடிட்டர் கேள்வி கேப்பாரு. கரையான்னு போடுங்க."

"என் லைப்ரரியில கரையானே கிடையாதுங்க!"

"இப்ப வந்துச்சின்னு வெச்சிக்குங்க."

அந்தப் பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தரைக்குப் பஸ். நான் ஐம்பத்து நான்கு தடவை குறி போட்டேன். ஒவ்வொரு குறிக்கும், இது பொய், இது பொய் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே போட்டேன். அவள் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு ஆணை கிடைத்தது.

பொதுக்கூட்டத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் வாசித்தார்கள்: இழப்பு ஐம்பத்து நான்கு, காரணம் கரையான், பொறுப்பு என் பெயர். எனக்கு முன்பு இருந்தவரைவிடப் பதினான்கு அதிகம். பின்னால் ஒருவர், "இருவத்தாறு வருஷமா தூசிகூட தட்டல போலக்குது" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து விளக்கலாமா என்று நினைத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? அதற்குள் இன்னொரு உறுப்பினர் எழுந்து, ஐம்பத்து நான்கைத் தின்ற கரையான் மீதியையும் தின்னும், உடனே மருந்து அடிக்க வேண்டும் என்றார். ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. செயலாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். படியேறும்போதே மருந்து நெடி தொண்டையில் அடித்தது. அந்தப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வாங்க சார். உங்க கரையானுக்கு மருந்து அடிச்சிட்டு போய்ட்டாங்க."

உள்ளே எட்டிப் பார்த்தேன். மருந்து அடிக்க வந்தவர்கள் பதினெட்டு அலமாரிகளையும் காலி செய்து, அடித்து முடித்து, கையில் கிடைத்ததைக் கிடைத்த இடத்தில் திணித்துவிட்டுப் போயிருந்தார்கள். வேதியியலுக்கு நடுவில் சமையல் குறிப்பு. பயணக் கட்டுரைகள் தலைகீழாக. நிலப்படங்கள் தரையில்.

"எல்லாம் இருக்குது சார்" என்றாள். "எது எங்கன்னுதான் தெரியல."

எனக்கு அங்கே வேலை இல்லை, சம்பளம் இல்லை, நாற்காலியும் இல்லை. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு முதல் அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அவள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, முதுகில் ஒட்டிய எண்ணைப் பார்த்துப் பார்த்து, அன்று மாலைக்குள் நூற்று நாற்பது புத்தகங்களை அடுக்கினோம். இன்னும் 5,669 இருந்தன.